ஓய்வறைக்கு வெளியே ஒரு வரிசை



வங்கிகள் கடன்பற்று அட்டைக்குச் செய்யும் விளம்பரப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அகலமான நாற்காலியில் கணவனும் மனைவியும் சாய்ந்திருப்பார்கள். பக்கத்து மேசையில் பழச்சாறு. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு விமானம். அந்தப் படங்களில் நான் எப்போதும் தேடுவது மூன்றாவது ஆளை. இதுவரை ஒரு படத்திலும் அகப்படவில்லை. அவ்வளவு பெரிய கூடத்தில் அந்த இரண்டு பேர்தாம்!

அதே கூடத்துக்குக் கூட்ட நேரத்தில் நேரில் போய்ப் பாருங்கள். வாசலிலேயே வரிசை நிற்கும். இடம் நிறைந்துவிட்டது, அட்டைக்காரர்கள் பொறுத்திருக்கவும் என்று மேசைமேல் ஒரு பலகை. உள்ளே போனவர்களும் நாற்காலி கிடைக்காமல், கல்யாண வீட்டில் இரண்டாம் பந்திக்கு நிற்பவர்களைப் போல, சாப்பிடுகிறவர் எப்போது எழுந்திருப்பார் என்று பார்த்துக்கொண்டு தட்டும் கையுமாக நிற்பார்கள்.

விமானம் புறப்படும் வரை பயணிகள் உட்காரவும், பசியாறவும், முகம் கழுவவும், சில இடங்களில் குளிக்கவும்கூட வசதி செய்து வைத்திருக்கும் அறையைத்தான் சொல்கிறேன். 'லவுஞ்ச்' என்று நம் பிள்ளைகள் சொல்வது அதைத்தான். நான் ஓய்வறை என்றே எழுதுகிறேன். அங்கே ஓய்வு இருக்கிறதா என்பது வேறு சங்கதி.

"டீச்சர், தோட்டத்துப் பள்ளியில் வாய்பாடு சொல்லிக் கொடுக்கும் உங்களுக்கு அந்த இடத்தில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வேலையில்லைதான். என்னிடம் வாய்பாடு படித்த பிள்ளைகளுக்கு இருக்கிறதே! பினாங்குத் தொழிற்சாலையிலும், கோலாலம்பூர் அலுவலகத்திலும், சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 24,000 வெள்ளி வருமானம் இருந்தால் கடன்பற்று அட்டை வாங்கலாம் என்பது பேங்க் நெகாராவின் விதி. மாதக் கணக்கில் பார்த்தால் 2,000 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளமே 2025-ல் 1,700 வெள்ளி ஆகிவிட்டது. ஆகவே வேலைக்குப் போன மூன்றாம் மாதமே பேரங்காடி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் வங்கிப் பையன் நம் பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறான். இன்னும் கொஞ்சம் சம்பளம் ஏறினால் தங்கநிற அட்டை, அதற்கு மேல் கறுப்பு அட்டை. விமான நிலைய ஓய்வறை இலவசம் என்பதுதான் அவன் முதலில் சொல்லும் மந்திரம்.

இந்த ஓய்வறை எங்கே தொடங்கியது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம். 1939-ல் நியூயார்க் நகரத்து லகார்டியா விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 'அட்மிரல்ஸ் கிளப்' என்று ஓர் அறை திறந்தது. இப்படிப்பட்ட அறைகளுக்கு அதுதான் முன்னோடி. அந்நாளில் காசு கொடுத்து உள்ளே போக முடியாது. நிறுவனம் யாரைப் பெரிய மனிதர் என்று கருதியதோ அவரை அழைக்கும். அழைப்பு வராதவர் வெளியே பலகையில் உட்கார வேண்டியதுதான். பிற்பாடு கட்டணம் கட்டுகிறவர்கள் உள்ளே போனார்கள், உயர்வகுப்புச் சீட்டு வாங்கியவர்கள் போனார்கள், அடிக்கடி பறக்கிறவர்கள் போனார்கள். கதவு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தது.

சாதாரணச் சீட்டில் போகிறவனுக்கும் இதை விற்கலாம் என்று கண்டுகொண்டவர்களில் முக்கியமானவர் மலேசியாவில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. சோங் ஹோய் சீ என்பது அவர் பெயர். வங்கித் துறையில் பெரிய வேலையில் இருந்தபோது உயர்வகுப்பில் பறந்தவர். ஓய்வறைகள் அவருக்குப் பழக்கம். வேலையை விட்டுச் சொந்தத் தொழில் தொடங்கியதும் சாதாரண வகுப்புக்கு வந்தார். நேற்றுவரை திறந்த கதவு இன்று திறக்கவில்லை. என்னைப் போல் வெளியே இருப்பவர்கள்தாமே அதிகம் என்று அவருக்குத் தோன்றியது. எந்த விமான நிறுவனத்தையும் சேராத, யாரும் பணம் கட்டி நுழையக்கூடிய ஓய்வறையை 1998-ல் தொடங்கினார். பிளாசா பிரீமியம் என்பது அதன் பெயர். அந்த ஆண்டில்தான் சிப்பாங்கில் நம் கே.எல்.ஐ.ஏ.வும் ஹாங்காங்கின் புதிய விமான நிலையமும் திறக்கப்பட்டன. இரண்டு இடத்திலும் அவர் கடை விரித்தார். என் மனத்துக்கு இது நல்ல காரியமாகவே படுகிறது. பணம் கட்டினால் நாற்காலி, கட்டாவிட்டால் இல்லை. ஒளிவு மறைவு கிடையாது.

குழப்பம் வந்தது வேறு வழியில். 1992-ல் இங்கிலாந்தில் பிரையாரிட்டி பாஸ் என்று ஒரு திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. பல நாட்டு ஓய்வறைகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரே அட்டையில் எல்லாவற்றுக்கும் நுழைவு கொடுப்பது அதன் வேலை. தனி ஆள் சந்தா கட்டியும் சேரலாம். 2024-ல் அதன் ஆகக் குறைந்த சந்தா ஆண்டுக்கு 99 அமெரிக்க டாலர். அதற்கு மேல் ஒவ்வொரு முறை நுழையும்போதும் 35 டாலர். சொந்தக் காசைக் கொடுத்து இதை வாங்குகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனால் வங்கிகள் மொத்தமாக வாங்கித் தங்கள் அட்டையோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கின. வாங்கியவருக்கு இது காசு கொடுத்து வந்த பொருளாகவே தெரியவில்லை. சும்மா வந்தது என்று நினைத்தார். சும்மா வந்த பொருளை யார் விடுவார்கள்?

அமெரிக்காவில் இது ஒரு போட்டியாகவே ஆயிற்று. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 2013-ல் லாஸ் வேகாஸ் நகரத்தில் தன் சொந்த ஓய்வறையைத் திறந்தது. 'சென்சூரியன்' என்று அதற்குப் பெயர். நல்ல சமையற்காரரை வைத்துச் சமைத்தார்கள். 2016-ல் சேஸ் வங்கி 'சஃபையர் ரிசர்வ்' என்ற அட்டையைக் கொண்டுவந்தது. ஆண்டுக் கட்டணம் 450 டாலர். அவ்வளவு கொடுத்து யார் வாங்குவார்கள் என்றுதானே நமக்குத் தோன்றும்? வந்த விண்ணப்பங்களில் அட்டை செய்வதற்கான உலோகமே தீர்ந்துபோய், சில காலம் பிளாஸ்டிக் அட்டையைக் கொடுத்துச் சமாளித்தார்கள். அந்த அட்டையிலும் பிரையாரிட்டி பாஸ் இருந்தது.

இனி நாலாம் வகுப்புக் கணக்கு ஒன்று போடுவோம். ஓர் ஓய்வறையில் 100 நாற்காலி. நாளுக்கு 16 மணி நேரம் திறந்திருக்கிறது. ஒருவர் 4 மணி நேரம் உட்கார்ந்தால், ஒரு நாற்காலிக்கு நாளுக்கு 4 பேர். மொத்தம் 400 பேர். 2 மணி நேரத்தில் எழுந்தால் 800 பேர். காகிதத்தில் இது சரி. ஆனால் விமானங்கள் நாள் முழுவதும் சீராகப் புறப்படுவதில்லை. காலையில் ஒரு கொத்து, இரவில் ஒரு கொத்து. பிற்பகல் மூன்று மணிக்கு 70 நாற்காலி காலியாகக் கிடக்கும். இரவு ஒன்பது மணிக்கு 250 பேர் வந்து நிற்பார்கள். மூன்று மணிக்குக் காலியாய்க் கிடந்த நாற்காலியை எடுத்துவைத்து ஒன்பது மணிக்குப் போட முடியுமா? ஒரு விமானம் தாமதமானால் போதும், எழுந்திருக்க வேண்டியவர்களும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இடத்தைப் பெரிதாக்கினால் என்ன என்பீர்கள். விமான நிலையத்துக்குள்ளே இடம் என்பது நம் பள்ளித் திடல் அல்ல. ஒவ்வோர் அடிக்கும் வாடகை. அதே இடத்தைக் கேட்டுக் கடைக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

வங்கியின் கணக்கு வேறு விதமானது. ஓர் அட்டைக்காரர் ஓய்வறைக்குள் போகும் ஒவ்வொரு முறையும் வங்கி ஆள் கணக்குப் பார்த்துப் பணம் கொடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை இலவசம் என்று அறிவித்தால், எல்லாரும் ஆறு முறை போக மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அறிவிக்கிறார்கள். ஆயிரம் பத்திரிகை அடித்து அறுநூறு பேருக்குச் சமைக்கும் கல்யாண வீட்டுக் கணக்கு இது. பெரும்பாலும் பலித்துவிடும். 2020, 2021-ல் நோய்த்தொற்றுக் காலத்தில் உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. 2022-ல் எல்லைகள் திறந்ததும் அழைத்தவர், அழைக்காதவர், அவர்கள் வீட்டு விருந்தாளி எல்லாரும் ஒரே பந்திக்கு வந்துவிட்டார்கள். சோறு போதவில்லை.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கதவைத் திரும்பச் சாத்தும் வேலை. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2019-லேயே, புறப்படும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பாக மட்டுமே சென்சூரியனுக்குள் வரலாம் என்றது. 2023 பிப்ரவரியிலிருந்து, பிளாட்டினம் அட்டைக்காரர் தம்மோடு விருந்தினரை இலவசமாக அழைத்துவர வேண்டுமானால் ஓர் ஆண்டில் 75,000 டாலர் அந்த அட்டையில் செலவு செய்திருக்க வேண்டும். இல்லையேல் பெரியவர்களுக்கு ஆளுக்கு 50 டாலர் கட்ட வேண்டும் என்றது. டெல்டா விமான நிறுவனம் 2023 செப்டம்பரில், தன் ஓய்வறைகளுக்கு ஒரு வகை அட்டையில் ஆண்டுக்கு 6 முறை, இன்னொரு வகை அட்டையில் 10 முறை மட்டுமே நுழைவு என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள். நாங்கள் அளவு மீறிவிட்டோம் என்று அதன் தலைவர் எட் பாஸ்டியனே ஒப்புக்கொண்டார். பிறகு அதை 10, 15 என்று தளர்த்தி, 2025 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கேப்பிட்டல் ஒன் வங்கியும் 2026 பிப்ரவரியிலிருந்து விருந்தினருக்குக் கதவைக் குறுக்கிவிட்டது. கட்டணமோ ஏறிக்கொண்டே போகிறது. 450 டாலரில் தொடங்கிய சேஸ் அட்டை 2025-ல் 795 டாலர். அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் பிளாட்டினம் அதே ஆண்டில் 895 டாலர்.

இந்தியாவுக்குப் போய் வருகிறவர்கள் அங்குள்ள கூத்தையும் பார்த்திருப்பீர்கள். அங்கே கடன்பற்று அட்டை என்றுகூட இல்லை, சில ரூபே பற்று அட்டைகளுக்கே ஓய்வறை உண்டு. வாசலில் அட்டையைத் தேய்த்தால் 2 ரூபாய் பிடிப்பார்கள். இட்லி, உப்புமா, பிரியாணி, காப்பி எல்லாம் அந்த 2 ரூபாயில்! டில்லியிலும் பெங்களூரிலும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நீண்ட வரிசைகளைப் படமெடுத்து 2023-ல் ஊரெல்லாம் பரப்பினார்கள். பிறகு வங்கிகள் விழித்துக்கொண்டன. 2024 ஏப்ரலிலிருந்து ஐசிஐசிஐ வங்கி, முந்தின மூன்று மாதத்தில் 35,000 ரூபாய் செலவழித்தால்தான் தன் பல அட்டைகளுக்கு நுழைவு என்று விதித்தது. வங்கிகளுக்கும் ஓய்வறைகளுக்கும் நடுவில் இருந்து இந்த வியாபாரத்தை நடத்திய டிரீம்ஃபோக்ஸ் நிறுவனத்தின் சேவை 2024 செப்டம்பரில் ஒரு நாள் பல விமான நிலையங்களில் திடீரென்று நின்றது. மறு ஆண்டு செப்டம்பரில் அது உள்நாட்டு ஓய்வறைச் சேவையையே கைவிட்டது. இருக்கிறது என்று நம்பிப் போனவர்கள் வாசலில்தான் தெரிந்துகொண்டார்கள்.

இதில் நான் கவனிக்கச் சொல்வது அந்த 'இவ்வளவு செலவழித்தால்' என்ற நிபந்தனையைத்தான். அது நம் வீட்டுப் பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

என்னிடம் படித்த ஒருவன் வட மாநிலத்தில் தொழில்நுட்பராக இருக்கிறான். பெயர் வேண்டாம். அப்பா செம்பனைக் காட்டில் குலை வெட்டியவர். அம்மா வெளிக்காட்டு வேலை. இருவரையும் தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது அவனுக்குச் சின்ன வயது ஆசை. முதல் விமானப் பயணம், அதைக் கௌரவமாகச் செய்ய வேண்டும் என்று ஓய்வறை உள்ள ஓர் அட்டையை வாங்கினான். நுழைவு கிடைக்க மூன்று மாதத்தில் ஒரு தொகை செலவழிக்க வேண்டுமாம். வீட்டுக்கு வேண்டியதை வாங்கினான், தொகை எட்டவில்லை. வேண்டாததையும் வாங்கினான். புதுக் கைப்பேசி, சோபா. தொகை எட்டியது.

புறப்படும் நாளில் மூவரும் அந்த வாசலுக்குப் போனார்கள். அட்டைக்காரருக்கு மட்டும்தான் இலவசம், மற்ற இரண்டு பேருக்கும் கட்டணம், அதுவும் இப்போது இடமில்லை, முக்கால் மணி நேரம் பொறுங்கள் என்றாள் அங்கிருந்த பெண். அவள் மரியாதையாகத்தான் சொன்னாள் என்று அவனே சொன்னான். அப்பா, "ஒரு ஆளுக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டிருக்கிறார். அவள் சொன்னதும், அவர் மனசுக்குள் எத்தனை நாள் கூலி என்று கணக்குப் போடுவது தன் கண்ணுக்குத் தெரிந்தது என்றான். "வா தம்பி, வெளியில நல்லாத்தான் காத்து வருது" என்று நடக்கத் தொடங்கிவிட்டாராம். குளிர்சாதனக் கட்டடத்துக்குள் என்ன காற்று!

"என்னை ஏமாத்திட்டாங்க டீச்சர்" என்று அவன் என்னிடம் வந்தான். காகிதங்களை வாங்கிப் படித்தேன். ஏமாற்றவில்லை. ஏழாவது பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், எல்லாம் இருந்தது. விளம்பரத்தில் கணவனும் மனைவியுமாய் இரண்டு பேரை உட்காரவைத்துவிட்டு ஒப்பந்தத்தில் ஒருவருக்கு மட்டும் என்று எழுதுவதை நான் எந்தப் பெயரால் அழைப்பேன் என்பதை இங்கே அச்சிட முடியாது.

அட்டையில் அப்போது ஏறக்குறைய 6,000 வெள்ளி பாக்கி. இங்கே கடன்பற்று அட்டைக்கு ஆண்டு வட்டி 15, 17, 18 விழுக்காடு என்று மூன்று படிகள். தவறாமல் கட்டி வருபவருக்கு 15. தவணை தவறுகிறவருக்கு 18. 6,000 வெள்ளிக்கு 18 விழுக்காடு என்றால் முதல் மாத வட்டி மட்டும் 90 வெள்ளி. குறைந்தபட்சம் 5 விழுக்காடு, அதாவது 300 வெள்ளி கட்டினால் போதும் என்று வங்கி அன்பாகச் சொல்லும். அதில் 90 வட்டிக்குப் போய்விட்டால் கடனில் குறைவது 210. தவிர, அட்டை ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 25 வெள்ளி சேவை வரி இருக்கிறது. இருவரும் உட்கார்ந்து காகிதத்தில் கணக்கெழுதினோம். ஊக்கத்தொகை வந்ததும் மொத்தமாய் அடைப்பது என்று முடிவு செய்தான். முக்கால்வாசியை அடைத்தும்விட்டான். சோபா நன்றாக இருக்கிறதாம்.

நம் பாட்டன்மார் காலத்தில் தோட்டக் கடையில் பற்று வைப்பார்கள். 555 என்று மேலே போட்ட சின்னப் புத்தகத்தில் கடைக்காரர் எழுதிக்கொள்வார். சம்பள நாளில் அந்தப் புத்தகத்தைக் கண்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனாலும் அந்தக் கடைக்காரர், இந்த மாதம் நீ இன்னும் 200 வெள்ளிக்குப் பற்று வைத்தால்தான் உனக்கு நாற்காலி போடுவேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

இந்த இலவசத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசியுங்கள். ஆண்டுக் கட்டணம் ஒரு பங்கு, வட்டி ஒரு பங்கு. இன்னொரு பங்கு நம் கண்ணுக்குத் தெரியாது. அட்டையில் யார் பொருள் வாங்கினாலும் கடைக்காரர் வங்கிக்குச் சிறு விழுக்காடு கொடுக்கிறார். அவர் தம் கையிலிருந்தா கொடுப்பார்? விலையில் ஏற்றிவிடுகிறார். அதே கடையில் சேலை முந்தானையிலிருந்து ரொக்கத்தை அவிழ்த்துக் கொடுக்கும் பாட்டியும் அந்த விலையைத்தான் கொடுக்கிறாள். விமானத்தையே பார்க்காத அவளும் யாரோ ஒருவருடைய பழச்சாற்றுக்குப் பத்துக் காசு போட்டிருக்கிறாள்.

நிற்க. கூட்டத்தைப் பற்றிப் படித்தவர்கள் பேசும் இன்னொரு பேச்சு எனக்கு எரிச்சலூட்டுகிறது. "முன்னெல்லாம் அங்கே நல்ல மனிதர்கள் வருவார்கள். இப்போது கண்ட கண்டவனெல்லாம் வந்துவிட்டான்" என்கிறார்கள். அந்தக் கண்டவன் யார்? காற்சட்டையும் செருப்புமாய் வருகிற நம் பிள்ளைதான். வெள்ளைக்காரன் காலத்தில் துரைமார் கிளப் என்று இருந்தது. நம்மவர்கள் அங்கே தட்டேந்திப் போனார்கள், தோட்ட வேலைக்குப் போனார்கள். நாற்காலியில் உட்காரப் போனதில்லை. என் தகப்பனார் தோட்ட ஆபீசுக்குள் ஏறிப் போய் நான் பார்த்ததில்லை. சன்னலோரம் நின்றுதான் கிராணியிடம் பேசுவார். அப்படி நின்றவர்களின் பேரப்பிள்ளைக்கு, கதவு திறந்து "வாங்க, உட்காருங்க" என்று ஒருவர் சொல்வது வெறும் காப்பித் தண்ணீர் சமாச்சாரம் அல்ல. அந்த ஆசையைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன். நீங்களும் சிரிக்காதீர்கள். அந்த ஆசையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு விலை போட்டு, இருக்கிற நாற்காலியைவிட அதிகமாக விற்றவர்களைத்தான் நான் கேட்கிறேன். வெளியே பலர் இருந்ததால்தான் உள்ளே இருப்பது பெருமையாக இருந்தது. எல்லாருக்கும் விற்றபின் அந்தப் பெருமை எங்கே இருக்கும்? மீதி இருப்பது ஒரு நாற்காலி, ஒரு தட்டு மீ கோரிங், ஒரு கோப்பை மைலோ. அதற்கு எவ்வளவு கொடுக்கலாமோ அவ்வளவு கொடுக்கலாம்.

நம்மவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று பேர் வந்து ஆறு நாற்காலியில் பைகளை வைப்பது, தட்டில் மலையாய்க் குவித்துப் பாதியை விட்டுப் போவது, வாழைப்பழத்தைக் கைப்பைக்குள் தள்ளுவது. என் வகுப்பில் இதைச் செய்தால் பெஞ்சுமேல் ஏற்றிவிடுவேன்.

அட்டை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. வேலை காரணமாக மாதம் இரண்டு முறை பறக்கிறவருக்கு, மாதாமாதம் முழுப் பாக்கியையும் அடைக்கிறவருக்கு, அது லாபமாகவே இருக்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு, அன்று ஒரு நாள் மட்டும் வாசலில் பணம் கட்டி நுழைவது மலிவு. ஆளுக்கு நூறு வெள்ளிக்கு மேல் ஆகும். ஆனால் அந்தச் செலவு அன்றோடு முடிந்துவிடும். அதுவும் அதிகம் என்றால், பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே, வெளியில் உள்ள உணவுக் கடையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம்.

ஏற்கெனவே அட்டை வைத்திருப்பவர்கள், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வங்கியைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆண்டுக்கு எத்தனை முறை, கூட வருகிறவருக்கு உண்டா, செலவு நிபந்தனை இருக்கிறதா, எந்த முனையத்தில் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். கே.எல்.ஐ.ஏ.வில் முதல் முனையமும் இரண்டாம் முனையமும் தனித்தனிக் கட்டடங்கள். நடுவில் ரயிலேறிப் போக வேண்டும். இரண்டாம் முனையத்தில் ஏர் ஏசியா ஏறப்போகிறவருக்கு முதல் முனையத்து ஓய்வறையால் ஒரு பயனும் இல்லை. அட்டையை நிறுத்த விரும்புகிறவர்கள் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டால் போதாது. வங்கிக்கு எழுத்தில் தெரிவித்து, கணக்கு மூடப்பட்டதற்கு மறுமொழி வாங்கிவையுங்கள்.

வயதானவர்களை அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று சீட்டு எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் பதிந்துவிடுங்கள். அன்று காலையில் போய்க் கேட்டால் கிடைப்பது சிரமம். காலி போத்தல் ஒன்றைக் கைப்பையில் வையுங்கள். சோதனை முடிந்தபின் உள்ளே தண்ணீர்க் குழாயில் பிடித்துக்கொள்ளலாம். புளிச்சாதமோ சப்பாத்தியோ கட்டிக் கொடுத்தால் தண்ணீர் விட்ட குழம்பு வேண்டாம். 100 மில்லிக்கு மேலான திரவத்தைச் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். என் மாணவனின் அம்மா கட்டி எடுத்துப்போனது சப்பாத்தியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும். மூவரும் புறப்படும் வாசலருகே, ஓடுபாதை தெரிகிற இடமாய்ப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அப்பா அதுவரை விமானம் மேலே எழும்புவதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லையாம். பதினோரு விமானம் எண்ணினாராம்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போவதற்கு முன் பெற்றோர் செய்ய வேண்டியவை பற்றிக் கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. அடுத்த இதழில் எழுதுகிறேன்.